கடைசிப் பதினாறு பக்கம்

புலவர் நஞ்சுண்டன் இன்னும் செவ்வாய் கிரகத்தை விட்டுக் கீழே இறங்கவில்லை. பத்து நிமிடம் என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுத்தார்கள், மனுஷன் அதைப் பிடித்த பிடியைப் பார்த்தால் மதியச் சாப்பாட்டுக்குக்கூட விடமாட்டார் போலிருக்கிறது. அவருக்கு வந்த புத்தகம் பீளமேட்டு இன்ஜினியர் ஒருவர் தன் கைக்காசைப் போட்டு அச்சடித்த விஞ்ஞான நாவல், செவ்வாயில் போர்வெல் போட்டு நம்ம ஊர் மோட்டாரை இறக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள், புலவர் அதில் குறிஞ்சி பார்த்தாயிற்று, முல்லை பார்த்தாயிற்று, மருதத்தில் தண்ணீர் பாய்கிறது, இன்னும் நெய்தலும் பாலையும் பாக்கி. இன்ஜினியர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார், தான் இத்தனை எழுதியிருக்கிறோமா என்று அவருக்கே ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆர்.எஸ். புரத்து மாடி ஹால், கீழே மெஸ்ஸில் வெங்காயம் வதங்கும் வாசனை படியேறி வருகிறது. தன்னூல் வட்டம் என்று பேர், சொந்தமாகப் புத்தகம் போட்டவர்களை மாதம் ஒருமுறை கூப்பிட்டு, எங்களைப் போல ஒருத்தரை விட்டு அவர்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசவைத்து, பொன்னாடை போர்த்தி, ஏற்புரை சொல்லச் சொல்லி அனுப்புவார்கள். பேங்க் மேனேஜரின் ஹைக்கூ முடிந்தது, வெள்ளியங்கிரி மலையேறிய வாத்தியாரின் பயண நூல் முடிந்தது, செவ்வாய் நடக்கிறது, அடுத்தது நான். நான் பேசப்போகும் நாவல் 'பின்கட்டு விளக்கு', எழுதிய ரங்கநாயகி எனக்கு இடது பக்கத்து நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புலவர் சீக்கிரம் முடித்தால் தேவலை என்று கொஞ்சம் முன்னால் வரை நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது அவர் நெய்தலுக்குப் போய் அங்கேயே கடலில் குளித்து எழுந்து வந்தால்கூட எனக்குச் சம்மதம்.

எனக்கு இது பழகிய வேலை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கிய பழக்கம், ரிட்டயர் ஆன பிறகு ஊரார் எழுத்தையெல்லாம் வாங்கிப் படிக்கிறேன். யார் போட்டாலும் சாந்தாமணி அக்காவுக்கு ஒரு காப்பி என்று ஆகிவிட்டது. துப்பறியும் கதை வரும், ஜோசியம் வரும், சிறுதானியச் சமையல் வரும், சொந்தக் கல்யாணத்தையே சரித்திர நாவலாக எழுதியவர் ஒருவர், அதில் மாமனார் சோழ ராஜா. எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பேன், அதில் மட்டும் யாரும் என்னைக் குறை சொல்லமுடியாது. சொல்லமுடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பேச்சுக்கு ஒரு பேர் உண்டு, அக்கா முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள் என்று. எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, கடைசி அத்தியாயத்தில் எல்லாம் சரியாகிப்போவது. காணாமல் போனவள் கிடைப்பாள், குடிகாரன் திருந்துவான், பிரிந்தவர்கள் ரயில்வே ஸ்டேஷனில் சந்திப்பார்கள். போனவர்கள் திரும்பி வருவது கதை எழுதுகிறவன் வாசகனுக்கு வாயில் போடுகிற மிட்டாய் என்று இதே மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். எதிர் வரிசையில் இருக்கிறவர்கள் பாதிப்பேர் அன்றைக்கும் இருந்தார்கள், இன்றைக்கும் அதே மாதிரி ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறார்கள்.

அதனால்தான் ரங்கநாயகியின் நாவல் எனக்கு அப்படிப் பிடித்துப்போனது. செல்லாத்தா என்று ஒரு அம்மா, அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகன், வருஷம் வருஷமாகக் காத்திருப்பு. எத்தனையோ பேர் எழுதிக் கிழித்த விஷயம். ஆனால் இவள் கெஞ்சவில்லை, அழவில்லை, செல்லாத்தா மாடு கறக்கிறாள், சீட்டுக் கட்டுகிறாள், மூலத்துக்கு வைத்தியம் பார்க்கிறாள், நடுநடுவே காத்திருக்கிறாள். கடைசியில் ஒரு மழை நாள், வாசலில் யாரோ தட்டுகிறார்கள். செல்லாத்தா எழுந்து போகிறாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். அவ்வளவுதான், நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கம், அதற்கப்புறம் அட்டை. யார் தட்டியது என்று சொல்லவில்லை, மகனா, பால்காரனா, காற்றா, ஒன்றும் கிடையாது. முற்றும் என்றுகூடப் போடவில்லை. படித்துவிட்டுப் புத்தகத்தை மார்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற பெண்ணுக்கு, முதல் புத்தகத்திலேயே, எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல் என்று. பேச்சை எழுதி வைத்துக்கொண்டேன், 'முற்றும் போடாத துணிச்சல்' என்று தலைப்புகூடக் கொடுத்தேன். போன வாரம் போன் பண்ணி அவளிடமே சொன்னேன், முடிவு பிரமாதம்மா, யார் என்ன சொன்னாலும் அதில் கை வைக்காதே என்று. அவள் மெதுவாக, "நெசமாவுங்களாக்கா? படிச்சவீக அத்தன பேரும் கடைசிய எடுத்துருங்க, அது வேண்டாம்னு சொன்னாங்க. நீங்க ஒருத்தருதானுங்க அது வேணும்னு சொன்னது" என்றாள். எடுத்துவிட்டால் அப்புறம் எங்கே முடிப்பதாம், தட்டுவதற்கு முன்பேயா, என்று அவர்கள் மேல் எனக்கு எரிச்சல் வந்தது, அதோடு பேச்சை விட்டுவிட்டேன். இன்று காலை படியேறும்போதும் சொன்னாள். "அக்கா, மத்ததப் பத்தி என்ன வேணாலும் பேசுங்க. கடைசியப் பத்தி மட்டும் கொஞ்சம் சேத்திப் பேசுங்க. அத எழுதறதுக்குத்தானுங்க மத்ததெல்லாம் எழுதுனது." நான் பெரிய மனுஷி மாதிரி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

தட்டிக்கொடுத்த கை இப்போது மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. செயலாளர் தேவராஜ் போட்டோவில் புத்தகம் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக ஒவ்வொருவர் முன்னாலும் புதுக் காப்பி ஒன்று வைப்பார், அது இங்கே வழக்கம். புலவர் முல்லையில் இருந்தபோது, கடைசி வரியை மைக்கில் வாசிக்க வேண்டுமே, என் காப்பி அடிக்கோடும் காப்பிக் கறையுமாக இருக்கிறதே என்று புதுசைத் திறந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தாள். வலது பக்கத்தில் இன்னொரு பக்கம் இருந்தது. நூற்றுத் தொண்ணூற்று மூன்று. 'கதவு மழையில் ஊறி இறுகியிருந்தது. காலால் ஒரு உதை கொடுத்துத்தான் திறக்கவேண்டியிருந்தது.' முதலில் இது ஏதோ இரண்டாம் பதிப்பு, என் பேச்சைக் கேட்காமல் சேர்த்துவிட்டாள் என்று கோபம்தான் வந்தது. அப்புறம் புரட்டினேன், இருநூற்றெட்டு வரை போகிறது, முற்றும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு தாளில் அடித்து மடித்து ஃபாரம் என்பார்கள், அந்த ஃபாரங்களை அடுக்கித்தான் தைப்பது. எனக்கு வந்த காப்பியில் பைண்டர் கடைசி ஃபாரத்தை வைக்க மறந்திருக்கிறான். அவன் மறந்தது வாக்கியத்தின் நடுவில் முறிந்திருந்தால் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். முற்றுப்புள்ளியில் போய் முறிந்திருக்கிறது. பைண்டர் மறந்ததற்கு நான் தலைப்பு வைத்து, இரண்டு பக்கம் பாராட்டு எழுதி, அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் வேண்டாம் என்று சொன்ன கடைசியை வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் நான் என்று இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், நான் அதைப் பார்க்கவே இல்லை.

சமாளிக்கலாம். எத்தனை பேர் சமாளிப்பதைப் பார்த்திருக்கிறேன். முடிவைச் சொல்லிச் சுவாரஸ்யத்தைக் கெடுக்க விரும்பவில்லை, வாசகர்களே வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி உண்டு, பாதி மட்டும் படித்தவர்களுக்கெல்லாம் அதுதான் துணை. புலவரே அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொன்னால் சபை சிரித்துக் கைதட்டும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் கடைசியைப் பற்றிச் சேர்த்துப் பேசுங்கள் என்றாளே. மாட்டேன் என்று நழுவினால் அவள் முகம் எப்படிப் போகும். சரி, பிடித்தது என்று பொதுவாக இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம். படிக்காததைப் பிடித்தது என்று சொல்வதா. உண்மையைச் சொல்லிவிடலாம். அம்மணி, என் காப்பியில் அது இல்லை, இல்லாமல்தான் எனக்குப் பிடித்தது, மற்றவர்கள் சொன்னதுதான் சரி, எடுத்துவிடு. இதை அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, மைக்கில், அவள் வீட்டுக்காரரும் இரண்டு பெண்களும் முன்வரிசையில் பட்டுச்சேலையும் புதுச்சட்டையுமாக உட்கார்ந்திருக்கும்போது சொல்லவேண்டும். மின்விசிறிக் காற்றிலும் எனக்கு முதுகில் வேர்க்கிறது. புலவரே, நன்றாக இருங்கள், பாலையை விட்டுவிடாதீர்கள், பாலையில் எவ்வளவோ இருக்கிறது. புத்தகத்தை மடியில் மறைத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தேன், பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குத் தெரியாமல் வார இதழ் படித்த மாதிரி.

வந்தது மகன்தான். எனக்குச் சப்பென்று போய்விட்டது. வந்துவிட்டாயா, வா. என் தம்பி மட்டும் வரவில்லை. இதை இந்த இடத்தில் நினைக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அது தானாக வந்து உட்கார்ந்தது. முரளி சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு வருகிறேன் என்று போனான். பாலிடெக்னிக்கில் பெயிலானதற்கு அப்பா முந்தின நாள் ஏதோ சொல்லியிருந்தார், பெரிதாக ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் சொல்வதுதான். சைக்கிள் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் இருந்தது, இரண்டு டயரிலும் காற்று இருந்தது. அம்மா அதற்கப்புறம் வீட்டுக்குப் பச்சையைத் தவிர வேறு நிறம் அடிக்கவிடவில்லை, நிறத்தை மாற்றினால் அவனுக்கு வீடு தெரியாமல் போய்விடுமாம். நான் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து வெளியூரிலிருந்து வரும் ஒவ்வொரு டிரங்க் காலையும் சேர்த்துவிட்டு உடனே விலகாமல் ஒரு நொடி கேட்பேன். பம்பாய், நாக்பூர், டாட்டா நகர், எங்கிருந்து வந்தாலும். ஹலோ என்று யாராவது தொண்டையைச் செருமினால் அவனோ என்று இன்னும் ஒரு நொடி கேட்பேன். சூப்பர்வைசர் இரண்டு தடவை திட்டியிருக்கிறார். அம்மா காலமான வருஷத்தில்தான் கேட்பதை நிறுத்தினேன். வரமாட்டான் என்று ஒரு நாள் முடிவு பண்ணினேன், அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். போனவர்கள் நம்மை நினைப்பதில்லை, போன இடத்தில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது, அப்படி நினைத்துக்கொண்டால் எல்லாம் எளிது. அதற்கப்புறம் எந்தக் கதையில் எவன் திரும்பி வந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மிட்டாய் என்று சொன்னேனே, அதற்குப் பேர் இலக்கிய ரசனை என்று நானும் நம்பினேன், ஊரையும் நம்பவைத்தேன். எனக்கு வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை.

இருந்தாலும் கண் ஓடிக்கொண்டிருந்தது. மகன் நனைந்து நிற்கிறான், பாதி மண்டை வழுக்கை. செல்லாத்தா கட்டிக்கொண்டு அழவில்லை. 'செருப்ப உள்ளார விடு, நாய் தூக்கிட்டுப் போயிரும்' என்கிறாள். சோறு போடுகிறாள், காரம் எவ்வளவு சேர்த்துக்கொள்வான் என்பது அவளுக்கு மறந்துவிட்டது, கேட்க வெட்கமாக இருக்கிறது. அவன் கைகழுவத் துவைகல்லைத் தேடிப் போகிறான், துவைகல்லை எடுத்துப் பல வருஷமாயிற்று, அந்த வெற்று இடத்தில் போய் நிற்கிறான். எங்கே இருந்தாய், என்ன செய்தாய், ஒன்றும் இல்லை. அவன் படுத்துக் குறட்டைவிட்ட பிறகுதான் அவள் திட்ட ஆரம்பிக்கிறாள், தூங்குகிறவனைப் பார்த்து, ஒரு பக்கம் முழுக்க வசவு, அவ்வளவு அழகான வசவை நான் புத்தகத்தில் படித்ததே இல்லை. இத்தோடு முடிந்திருந்தாலும் மிட்டாய் என்று சொல்லியிருப்பேன். விடிந்ததும் சர்க்கரை இல்லை. செல்லாத்தா பையை எடுத்து அவன் கையில் கொடுத்து, போய் வாங்கிட்டு வா என்கிறாள். கொடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைக்கிறது. அவன் தெருவில் இறங்கி நடக்கிறான். அவள் கூப்பிடவில்லை, வாசலுக்கும் போகவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பால் பொங்கி வழிகிறது, அடுப்பை அணைக்கவும் இல்லை. இரண்டு பக்கம் அப்படியே நிற்கிறாள். அவன் சர்க்கரையோடு வருகிறான், கேட்காத தீப்பெட்டியும் ஒன்று வாங்கி வந்திருக்கிறான். முற்றும். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது, மூக்கை உறிஞ்சினேன், தேவராஜ் மின்விசிறியைக் காட்டி, காற்று ஒத்துக்கொள்ளவில்லையா என்று ஜாடையில் கேட்கிறார்.

கைதட்டல். புலவர் ஒரு வழியாகப் பூமிக்கு வந்துவிட்டார், இன்ஜினியரின் ஏற்புரையும் நன்றி வணக்கத்தோடு முடிந்துவிட்டது, என் பெயரைச் சொல்கிறார்கள். எழுதி வைத்த தாளைக் கைப்பையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். மைக் என் உயரத்துக்கு இல்லை, அதைக் கீழே இறக்குகிற நேரம் வரைக்கும் சமாளிக்கிற வரிதான் வாயில் இருந்தது. வந்தது வேறு. "பைண்டிங்ல ஒரு ஃபாரம் விட்டுப்போச்சுங்க. கடைசிப் பதினாறு பக்கம் இல்லாத காப்பியத்தான் நான் படிச்சேன். அதுதான் முடிவுன்னு நெனச்சு, ரங்கநாயகிகிட்ட முடிவு பிரமாதம்னு போன்லயும் சொல்லிட்டேன்." சபையில் ஒரு சிரிப்பு கிளம்பியது, நானும் சிரித்தேன், வேறு வழி. இடது பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. "மீதியப் புலவர் பேசறப்ப இங்க உக்காந்துதான் படிச்சேன், அவரு மன்னிக்கணும். திரும்பி வர்ற கதை எனக்குப் பிடிக்காதுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். என் தம்பி ஒருத்தன் போனான், வரல, அதனால பிடிக்காது. வேற காரணம் சொன்னதெல்லாம் சும்மா. இந்தப் பதினாறு பக்கம் இல்லாட்டி இது நல்ல நாவல். இதோட சேந்தா, எனக்கு எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. அம்மணி, யாரு சொன்னாலும் எடுத்துறாத." வேறென்ன பேசினேன் என்று நினைவில்லை, சர்க்கரையைப் பற்றிப் பேசினேன், துவைகல்லைப் பற்றிப் பேசினேன், தேவராஜ் நேரமாயிற்று என்று சீட்டு நீட்டவில்லை. நாற்காலிக்குத் திரும்பியபோது ரங்கநாயகி என்னைப் பார்க்காமல் எழுந்து மைக்குக்குப் போனாள். கோபம்தான் என்று நினைத்தேன், இருக்கட்டும், நியாயம்தான்.

ஏற்புரைக்கு அவளும் தாள் கொண்டுவந்திருந்தாள், பிரிக்கவே இல்லை. "எல்லாருக்கும் வணக்கமுங்க. படிச்சவீக எல்லாம் எங்கிட்டத் தனியாக் கூப்பிட்டு, ஏனுங்க, உங்க பையன் காணாமப் போயிட்டானுங்களான்னு கேட்டாங்க. எனக்குப் பையனே இல்லீங்க, ரெண்டும் பொண்ணுங்க, அங்க உக்காந்திருக்கு. வீட்ட விட்டுப் போனது நானுங்க." முன்வரிசையில் பட்டுச்சேலைகள் அசையவில்லை, அவர்களுக்குத் தெரியும் போலிருக்கிறது. "எங்கம்மா இருக்கற வரைக்கும் நான் போகலீங்க. கோவம் ரெண்டு வருசத்துல தீந்துருச்சு. அப்பறம் வெக்கமுங்க. இத்தன நாள் கழிச்சு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறதுன்னு. போயிருந்தா எங்கம்மா இப்பிடித்தான் பண்ணீருக்கும், கடைக்குத்தான் அனுப்பீருக்கும். அதத்தானுங்க எழுதுனேன். நன்றிங்க." அவ்வளவுதான் அவள் ஏற்புரை. அவள் வந்து உட்கார்ந்தாள், போட்டோக்காரர் இரண்டு பேரும் நெருங்கி உட்காருங்கள் என்றார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள், தோளில் பொன்னாடை சரசரத்தது. எனக்குக் கேட்க ஒன்று இருந்தது, எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருஷம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான், கேட்க ஆள்தான் கிடைக்கவில்லை. கேட்காமலே இருந்துவிடலாமா என்றும் பயமாக இருந்தது, நன்றாகத் தூங்குகிறேன், இனிமேல் எதற்கு.

"ஏம்மா," என்றேன் கேமராவைப் பார்த்தபடியே, "போனவீக வீட்ட நெனப்பாங்களா?"

அவளும் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனமும்ங்கக்கா."